15 வருடம் நின்றாச்சு, இனிக் கோட்டை விட்டுப் படிப்பிக்கப் போகலாமா?

நாலாம்தவணை (ஞாயிறு, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மூன்று வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், நின்று 15 வருடம். முழுக்கக் குடியியல் பக்கம்தான். காணி, பங்காளிகள் காணியைப் பிரிக்கக் கேட்கிற பிரிவினை, காணி உறுதிப் பத்திரத்தை வெறிதாக்கக் கேட்கிற வழக்கு, இடைக்கிடை தாபரிப்புப் பணம். காலையில் யாழ்ப்பாணத்தில் ஒரு தவணையைச் சொல்லிவிட்டுப் பத்தரைக்குள் மல்லாகத்தில் நிற்க வேண்டும் என்று ஸ்கூட்டியில் ஓடி ஓடியே முதுகு போன ஆள்.

போன வருடம் ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) சான்றுச் சட்டம் படிப்பிக்க ஆளில்லை என்று கூப்பிட்டார்கள். வருகை விரிவுரையாளர், சனிக்கிழமை மூன்று மணித்தியாலம். ஒரு உதவிக்கென்றுதான் போனேன். நாற்பது பக்கத்துக்கு பவர்பொயின்ற் செய்துகொண்டு போனது ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச இரண்டு மணித்தியாலமும் என்ன செய்வதென்று தெரியாமல் என்னுடைய வழக்குக் கதைகளை அவிழ்த்துவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இடைப்பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் விஷயம் விளங்கியது. பதினொரு பேர் என்னுடைய மாட்டு வழக்கையே விடையாக எழுதியிருந்தார்கள். பிரிவு இலக்கம் இல்லை, கோட்பாடு இல்லை, மாடு மட்டும் நின்றது.

அன்றைக்கு வந்த வெட்கத்தில்தான் ஒழுங்காகப் படிப்பிக்கத் தொடங்கினேன், தொடங்கினபிறகு விட மனமில்லை. இப்போது வேறோர் இடத்தில் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. வயது 41. எல்.எல்.பி. (சட்ட இளமாணி) இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, எல்.எல்.எம். (சட்ட முதுமாணி) அரைவாசியில் நிற்கிறது. முடிவுத் திகதிக்கு இன்னும் 16 நாள்.

வீட்டில் சொன்னால் அம்மா, "பொம்பிளைப் பிள்ளைக்கு ரீச்சர் வேலைதான் சுகம், இப்பவாவது புத்தி வந்ததே" என்கிறா. அதைக் கேட்டதும் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடத்தான் தோன்றியது. சுகத்துக்காகப் போகிறேன் என்றுதான் எல்லாரும் நினைக்கப்போகிறார்கள். சரி, அதை விடுவோம். வருமானம், வயது, ஆராய்ச்சி, அப்புறம் கோட்டுக்கு இனி ஒரேயடியாகப் போக முடியாதா என்பது, இதெல்லாம் தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாம்_எதிராளி (ஞாயிறு, இரவு 10.05)

அக்கா, தலைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கோட்டை விட்டவர்களைத்தான் ஊரில் "கோட்டை விட்டவர்" என்று சொல்கிறார்கள், நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நானும் உங்கள் சாதிதான், கறுப்புக்கோட்டு, 12 வருடம். பகிடியை விட்டுச் சொல்கிறேன், 15 வருடம் என்பது எங்கள் தொழிலில் அருவி வெட்டு (அறுவடை) தொடங்குகிற காலம். முதல் ஐந்து வருடம் சீனியரின் பைலைத் தூக்கிக்கொண்டு திரிந்து, அடுத்த ஐந்து வருடம் அறை வாடகைக்கும் பெற்றோலுக்கும் உழைத்து, இப்போதுதான் கட்சிக்காரர் பெயர் சொல்லித் தேடி வருகிற நேரம், அதிலும் நல்ல பிரிவினை வழக்கு இரண்டு கையில் இருந்தால் உங்களுடைய பேரப்பிள்ளை சத்தியப்பிரமாணம் செய்து வந்து அதே வழக்கில் தோன்றலாம். இதை விட்டுவிட்டு வரவுப் பதிவேடு, துறைக்கூட்டம், கூட்டத்துக்கு ஒரு அறிக்கை என்று போய் நிற்கப்போகிறீர்களா? சனிக்கிழமை வகுப்போடு நிறுத்துங்கள்.

மாட்டு வழக்கு என்னவென்று சொல்லிவிட்டுப் போங்கள்.

விரிவுரை_மேசை (திங்கள், காலை 6.15)

நான் எட்டு வருடமாக உள்ளே இருப்பவன், எங்கே என்பது தேவையில்லை.

இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு இருக்கிறபடியால் தகுதிகாண் விரிவுரையாளருக்கு வாசற்படி தாண்டியாச்சு, அந்தப் பயம் வேண்டாம். எல்.எல்.எம். படிப்பை அரைவாசியில் வைத்துக்கொண்டு வராதீர்கள். தகுதிகாண் காலத்துக்குள் பட்டப்பின் படிப்பை முடிக்க வேண்டும், கற்பித்தல் பயிற்சிநெறியும் முடிக்க வேண்டும், அப்போதுதான் பதவியை உறுதிப்படுத்துவார்கள். 41 வயதில் வருபவரும் 26 வயதில் வருபவரும் ஒரே படியில்தான் ஏறத் தொடங்குகிறார்கள். உங்கள் 15 வருடத்தை நேர்முகத்தில் தலையாட்டிக் கேட்பார்கள், பதவியுயர்வு என்று வரும்போது எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள். கசப்புத்தான், தெரிந்துகொண்டு வருவது நல்லது.

கோட்டு விஷயம்தான் பெரிது. இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகச் சட்டத்துறைத் தலைவராக இருந்த குமாரவடிவேல் குருபரன், நாவற்குழியில் 1996 இல் காணாமற்போன இளைஞர்களைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்ட ஆட்கொணர்வு மனுக்களில் தோன்றிக்கொண்டிருந்தவர். 2019 இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலிருந்து வந்த முடிவை வைத்து, இனி நீதிமன்றத்தில் தொழில் செய்யக்கூடாது என்றார்கள். 2020 இல் அவர் பதவியை விட்டு விலகினார். மருத்துவபீட விரிவுரையாளர் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கலாம், சட்ட விரிவுரையாளர் கோட்டில் நிற்கக்கூடாதென்றால் என்ன நியாயம் என்று அப்போது நாங்கள் கதைத்ததற்கு அளவே இல்லை. ஆகவே விளம்பரத்தோடு இருக்கிற நிபந்தனைகளை வரிவரியாக வாசியுங்கள், நியமனக் கடிதத்தில் என்ன வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி வராதீர்கள் என்று சான்றுச் சட்டம் படிப்பிக்கிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஒரு மணித்தியால விரிவுரைக்கு முதல் வருடம் ஆறு ஏழு மணித்தியாலம் ஆயத்தம் போகும். "சுகம்" என்று சொல்கிறவர்களை என் வீட்டு மேசைக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு அனுப்பிவிடுங்கள்.

பெறக்கிராசி_மகன் (திங்கள், மு.ப. 11.20)

பிள்ளை, என்னுடைய ஐயா பெறக்கிராசி. அந்தக் காலத்தில் சட்டத் தொழிலில் இரண்டு வகை, அப்புக்காத்து (அட்வகேற்) வேறு, பெறக்கிராசி (புரொக்டர்) வேறு. 1973 இன் நீதி நிருவாகச் சட்டத்தோடு அந்தப் பேதத்தை எடுத்து, 1974 இலிருந்து எல்லாரையும் சட்டத்தரணி ஆக்கினார்கள். ஐயா பெயர்ப்பலகையை மாற்றவேயில்லை, "நான் படிச்சது இதுக்குத்தான்" என்று கடைசிவரை அப்படியே விட்டிருந்தார்.

நீங்கள் கேட்பது ஒன்றும் புதிதில்லை. கொழும்புச் சட்டக் கல்லூரியில் தொழில் செய்கிறவர்களே வந்து படிப்பிப்பது பழைய வழக்கம். முழுதாக மாறிப் போனவர்களும் இருக்கிறார்கள். சி. ஜி. வீரமந்திரியை எடுங்கள், 1948 இல் அப்புக்காத்தாகத் தொடங்கி, 1967 இல் உயர்நீதிமன்ற நீதியரசராகி, 1972 இல் அந்தக் கதிரையை விட்டு எழும்பி மெல்பேணில் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனவர், 1991 வரை அங்கேதான் படிப்பித்தார், அங்கிருந்துதான் ஹேக்கில் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார். நீதியரசர் கதிரையிலிருந்து வகுப்புக்குப் போனவரை ஒருவரும் சுகத்துக்குப் போனவர் என்று சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பலிக்காது, இருந்தாலும் சொல்லுங்கள்.

அப்புறம் எனக்கு ஒரு சுயநலமும் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத் தமிழருடைய வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை இனி ஆர் படிப்பிக்கிறது? டச்சுக்காரர் காலத்தில் திசாவை (நிருவாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 12 முதலிமார் பார்த்துச் சரியென்று சொல்லி, 1806 இல் ஆங்கிலேயர் சட்டமாக்கினது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணமானபின் தேடின சொத்து) என்று பரீட்சைக்கு வரைவிலக்கணம் எழுதுகிறார்கள். ஒரு குடும்பத்தின் காணிகளை மேசையில் பரப்பி, இதில் எது முதுசம், எது தேடியதேட்டம், பங்காளிக்கு முதலில் வாங்குகிற உரிமை எதில் வரும் என்று பிரித்துச் சொல்லுங்கோ என்றால் முழிக்கிறார்கள். அதைச் செய்யக்கூடியவர்கள் உங்களைப்போல கோட்டில் நின்றவர்கள்தான்.

சுன்னாகச்_சந்தி (திங்கள், இரவு 8.12)

நான் மூன்றாம் வருட மாணவி. ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை, நானாகவே எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

தொழில் செய்கிறவர்கள் வந்து படிப்பிப்பது எங்களுக்கு மிகவும் விருப்பம், முதல் இரண்டு கிழமைக்கு. அதற்குப் பிறகு காலை ஏழரைக்கு வட்ஸ்அப்பில் வரும்: "இண்டைக்குத் தவணை இருக்கு, வகுப்பு இல்லை." நாங்கள் ஏழு மணிக்கே பஸ் ஏறியிருப்போம். பிறகு கடைசிக் கிழமையில் ஐந்து மணித்தியாலத்தை ஒரே நாளில் போட்டு, அரைவாசிப் பாடத்திட்டத்தை "வாசிச்சுக்கொள்ளுங்கோ" என்று முடிப்பார்கள். முழுநேரம் இருப்பவர்கள் நேரத்துக்கு வருவார்கள், அதில் குறை இல்லை, ஆனால் சிலருடைய நோட்ஸ் எங்கள் அண்ணாமாருடைய கொப்பியில் இருப்பதுதான், முற்றுப்புள்ளி கூட மாறவில்லை.

ஒரு வழக்குப் பைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எங்களுக்கு ஒருவரும் காட்டியதில்லை. வழக்குரையைக் கண்ணால் பார்க்காமலே, வழக்கில் தீர்க்கவேண்டிய கேள்வியான எழுவினாவை எப்படி எழுப்புவது என்று பத்துப் புள்ளிக்கு எழுதுகிறோம். தீர்ப்பெல்லாம் ஆங்கிலத்தில் வாசிக்கிறோம், எங்கள் ஊர்க் கோட்டில் வழக்கு நடப்பது தமிழில், சாட்சி கதைப்பது தமிழில். "முந்தி நீங்கள் பொலிசில் சொன்னதுக்கும் இப்ப சொல்லுறதுக்கும்" என்று ஒரு வயதான அம்மாவிடம் மரியாதை கெடாமல் எப்படிக் கேட்பது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் வைக்கப் பார்த்து, 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் அந்த விதிகள் தோற்றன. தோற்றது சந்தோஷம். ஆனால் தமிழில் எழுதலாம் என்று விட்டால் மட்டும் போதுமா, தமிழில் சொல்லித்தர ஆட்கள் வேண்டும்.

மிஸ், விண்ணப்பம் போடுங்கள். மாட்டு வழக்கு எங்கள் வட்ஸ்அப்பிலும் வந்தது.

நாலாம்தவணை (செவ்வாய், இரவு 9.55)

மாடு இவ்வளவு தூரம் மேய்ந்திருக்கிறது என்று தெரியாது. மாட்டைப் பற்றி இனி ஒரு சொல்லும் இல்லை.

தங்கச்சி, பைலைக் காட்டுங்கள் என்று நீங்கள் சொன்னது சரியாக நெஞ்சில் பட்டது, ஏனென்றால் என்னுடைய வகுப்பு திரும்பினது அங்கேதான். நடந்ததை எழுதுகிறேன்.

சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 68 ஆம் பிரிவு. சாட்சிகள் முன்னால் கைச்சாத்திட வேண்டும் என்று சட்டம் சொல்கிற ஆவணத்தை நிரூபிக்க, அதில் ஒப்பமிட்ட சாட்சி ஒருவரையாவது கூப்பிட வேண்டும். ஆள் உயிரோடு இருந்து, கோட்டின் அழைப்புக்கு உட்பட்டு, சாட்சி சொல்லக்கூடிய நிலையில் இருந்தால். காணி உறுதி எல்லாம் 1840 ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி உறுதியை அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் நிற்க எழுதுவதால், 68 எங்களுக்குச் சோறு மாதிரி. பிள்ளைகளைக் கேட்டேன், எல்லாரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். அடுத்த சனி, பழைய நன்கொடை உறுதி ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுத்து, பெயர்களை எல்லாம் மார்க்கரால் கறுப்படித்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். "இதை நிரூபிக்க ஆரைக் கூப்பிடுவீங்கள்?"

பத்து நிமிடம் சத்தமில்லை. முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். இரண்டு பரப்பு ஒன்பது குழி, கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார், கிணற்றிலும் வழியிலும் வாய்க்காலிலும் பங்கு என்று எல்லைகளை வாசித்துக்கொண்டு இருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. புரட்டச் சொன்னபிறகு, "நொத்தாரிசைக் கூப்பிடலாம், அவர் முன்னாலதானே எழுதினது" என்று பலபேர் சொன்னார்கள். பின் வாங்கில் ஒரு பெடியன், அதுவரை வாய் திறக்காதவன், நொத்தாரிசின் அத்தாட்சியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டுக் கேட்டான்: "மிஸ், இதில கையெழுத்து வைச்சவரைத் தனக்குத் தெரியாது, சாட்சிகளுக்குத்தான் தெரியும் எண்டு எழுதியிருக்கு. அப்ப இவரைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்?"

விஷயமே அதுதான். நொத்தாரிசு தனக்கு நேரில் தெரிந்த ஆளுடைய உறுதியை எழுதியிருந்தால்தான் அவரையும் அந்தச் சாட்சிகளில் ஒருவராக எடுக்கலாம். தெரியாத ஆள் என்றால் கையெழுத்து வைத்தது இன்னார்தான் என்று அவரால் சொல்ல முடியாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தொழிலுக்கு வந்து மூன்றாவது வருடம் நொத்தாரிசை மட்டும் கூப்பிட்டு, எதிர்த்தரப்பு எழும்பி அந்த ஒரு வரியை வாசித்து, என்னுடைய உறுதி அப்படியே விழுந்தது. சாட்சிகளில் ஒருவர் மட்டுவிலில் உயிரோடு இருந்தார். போய்ப் பார்க்கவேயில்லை நான். கட்சிக்காரர் ஒரு விதவை அம்மா. வெளியே வந்து "பறவாயில்லை பிள்ளை" என்று அவதான் எனக்கு ஆறுதல் சொன்னா. அந்த உறுதியைத்தான் கறுப்படித்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரீட்சையில் விதவை அம்மா வந்திருப்பா.

மூன்றாம்_எதிராளி (செவ்வாய், இரவு 10.20)

அக்கா, வகுப்பு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைக்கு வந்த 2022 இன் 17 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, உறுதியை எதிர்த்தரப்பு சவாலுக்கு உட்படுத்தாவிட்டால் முறையான நிரூபணம் தேவையில்லையே? பழைய கஞ்சியைச் சூடாக்கிக் கொடுக்கிறீர்களா? தொழில் செய்கிறவர்கள் படிப்பிக்கப் போனால் தாங்கள் இளவயதில் அடிவாங்கின சட்டத்தைத்தான் படிப்பிப்பார்கள் என்று என் சீனியர் சொல்லுவார்.

நாலாம்தவணை (செவ்வாய், இரவு 10.41)

சவாலுக்கு உட்படுத்தினால்? உறுதி பொய் என்று சொல்கிற வழக்கில் 68 அப்படியே உயிரோடுதான் இருக்கிறது, எங்களிடம் வருவதில் அரைவாசி அந்தச் சாதி வழக்கு. திருத்தத்தை அடுத்த வகுப்பில் படிப்பித்தேன், ஏன் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்து. முதலில் வலி தெரிந்தால்தான் மருந்து விளங்கும். ஆனால் உங்கள் சீனியர் சொன்னதைக் குறித்துவைத்துக்கொள்கிறேன், அது உண்மை. முதல் ஆயத்தத்தில் அந்தத் திருத்தம் என்னுடைய நோட்ஸில் இருக்கவில்லை. கோட்டில் ஒவ்வொரு நாளும் பாவித்துக்கொண்டே, எழுதும்போது பழையதை எழுதியிருக்கிறேன்.

கொக்குவிலான்_நியூயோர்க் (புதன், காலை 5.30)

நான் இங்கே 11 வருடம் வழக்குத் தொழில் செய்துவிட்டு இப்போது ஒரு சட்டக் கல்லூரியில் சட்ட எழுத்து படிப்பிக்கிறேன். எங்களுடைய கதை வேறு, இருந்தாலும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் "சட்டம் படிப்பிக்கிறேன்" என்றால் நாலு சாதி. பகுதிநேரம், அது உங்கள் சனிக்கிழமை மாதிரி, சம்பளமும் அதே மாதிரி. சட்ட எழுத்து. சட்ட உதவி நிலையத்தில் மாணவர்களை வைத்து உண்மையான வழக்கு நடத்துவது. கடைசியாக, முழுப் பேராசிரியர் பாதை. முதல் மூன்றுக்கும் கோட்டு அனுபவத்தை மதிக்கிறார்கள். நாலாவதுக்கு, 15 வருடம் வழக்குப் பேசினேன் என்றால் "அந்த 15 வருடத்தில் என்ன எழுதினாய்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். உள்ளே வருவதற்கு முன்னாலேயே ஆய்விதழ்களில் கட்டுரை வேண்டும், அந்த இதழ்களில் பெரும்பாலானவற்றை நடத்துவதும் கட்டுரையைத் தெரிவு செய்வதும் மாணவர்கள். எனக்கு 22 வயதுப் பிள்ளை ஒன்று "உங்கள் வாதம் பலவீனம்" என்று மின்னஞ்சல் போட்டது. நீதிபதியிடம் கூட அப்படிக் கேட்டதில்லை.

ஒரு வேடிக்கை. ஹார்வர்டில் 1870 இல் தீர்ப்புகளை வைத்துப் படிப்பிக்கும் முறையைக் கொண்டுவந்த லாங்டெல், அதற்கு முன்னர் 16 வருடம் நியூயோர்க்கில் தொழில் செய்தவர். அந்த மனுசனே 1873 இல் ஏம்ஸ் என்றொரு இளைஞரைப் படிப்பிக்க எடுத்தார், படித்து முடித்த கையோடு, தொழிலே செய்யாதவரை. கோட்டில் நின்றவனா, நூலகத்தில் இருந்தவனா என்ற சண்டை இங்கே அன்றிலிருந்து ஓயவில்லை.

என்னுடைய அபிப்பிராயம்: நீங்கள் அந்த உறுதியை வைத்து நடத்தின வகுப்பை எழுதுங்கள். கட்டுரையாகவே எழுதுங்கள்.

கனிஷ்டன்99 (புதன், பி.ப. 1.10)

காசு விஷயத்தை ஒருவரும் தொடவில்லை. வருகை விரிவுரைக் காசு நேரத்துக்கு வருமா அக்கா?

நாலாம்தவணை (புதன், பி.ப. 1.32)

போன அரையாண்டுக் காசு இந்த அரையாண்டு நடுவில் வந்தது தம்பி. அதற்கு மூன்று படிவம், இரண்டு கையொப்பம், ஒரு சண்டை. மதியச் சாப்பாட்டுக்கு எழும்பிவிட்டேன், மிச்சம் பிறகு.

விரிவுரை_மேசை (புதன், இரவு 11.50)

கொக்குவிலார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். நேர்முகத்தில் கட்டாயம் வரும் கேள்வி: உங்கள் ஆய்வு எதைப் பற்றி? "குடியியல் வழக்கு பற்றி" என்று சொன்னால் அதோடு முடிந்தது. பதினைந்து வருடப் பைல்களில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருக்குமே, அது என்ன?

நாலாம்தவணை (வியாழன், இரவு 9.15)

நேற்றிரவு இதை வாசித்துவிட்டு அலுமாரியைத் திறந்து பழைய பைல்களைக் கீழே பரப்பினேன். அம்மா பார்த்துவிட்டு வீடு மாறுகிறோமா என்று கேட்டா.

68 க்கு அடுத்தது 69. ஒப்பமிட்ட சாட்சி ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அவர்களில் ஒருவருடைய கையெழுத்தையும் உறுதி கொடுத்தவருடைய கையெழுத்தையும் நிரூபித்தால் போதும். "கண்டுபிடிக்க முடியாவிட்டால்". 1895 இல் இந்தச் சட்டத்தை எழுதினவர்கள் செத்துப்போனவனையும் ஊரைவிட்டு ஓடினவனையும் மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். எங்களுடைய சாட்சி செத்துப்போகவில்லை, காணாமற்போகவில்லை. ரொரன்ரோவில் இருக்கிறார், பேஸ்புக்கில் இருக்கிறார், போன பொங்கலுக்கு என்னுடைய கட்சிக்காரருக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறார். வர மாட்டார். அவரைக் கண்டுபிடித்தாயிற்றா, இல்லையா? கோட்டின் அழைப்பு அவருக்குச் செல்லாது, அதனால் 68 விடுகிறது, சரி, அப்போது 69 தானாக வந்து சேருமா, இடையில் ஓட்டை ஒன்று இருக்கிறதா? வீடியோவில் சாட்சி சொல்லவைத்தால்? கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடிய ஆளும் பாரிசில் இருந்தால்? 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு எல்லாரும் நடந்தபோது மூல உறுதி போய், காணிப் பதிவகத்து இணைப்பிரதி மட்டும் மிஞ்சியிருந்தால்? இப்படியான பைல் என்னிடம் மட்டும் ஒன்பது இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அந்தந்த நேரத்துக்கு ஏதோ ஒன்றைச் சொல்லி வென்றேன் அல்லது தோற்றேன். ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது நேற்றுத்தான் முதல் தடவை. இரண்டு வழக்கில் நானே ஒன்றுக்கொன்று நேர்மாறாக வாதாடியிருக்கிறேன்.

காணியை நீண்டகாலம் ஆண்டவருக்கு உரித்து வருகிற ஆட்சியுரிமையும் இதோடு வந்து ஒட்டுகிறது. 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக்குழுக்களால் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக்கூடாது என்றது. வழக்குப்போட அது கொடுத்த இரண்டு வருடத்துக்குள் இதைக் கேள்விப்படாமலே விட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சரி, அது இன்னொரு கட்டுரை.

விரிவுரை_மேசை (வியாழன், இரவு 9.28)

இதைத்தான் கேட்டேன். நேர்முகத்தில் பேஸ்புக் வாழ்த்தில் இருந்து தொடங்குங்கள்.

சுன்னாகச்_சந்தி (வியாழன், இரவு 9.50)

மிஸ், 69 பற்றி எங்களுக்கு நோட்ஸில் ஒன்றரை வரிதான் இருக்கிறது.

பெறக்கிராசி_மகன் (வெள்ளி, காலை 7.05)

ஐயாவின் பழைய இணைப்பிரதிக் கட்டுகள் இரண்டு பெட்டி கிடக்கிறது, கறையான் கொஞ்சம் தின்றுவிட்டது. ஆய்வுக்கென்றால் வந்து பாருங்கோ, தேத்தண்ணி தருவன். பெயர்களுக்குக் கறுப்படிப்பீங்கள் என்று தெரியும்.

நாலாம்தவணை (இரண்டு கிழமை கழித்து, திங்கள், பி.ப. 4.45)

விண்ணப்பம் பதிவுத்தபாலில் போயிற்று, முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னம். கோட்டுக்குப் போகலாமா என்று எழுத்தில் கேட்டேன், "நியமனத்தின்போது அறிவிக்கப்படும்" என்று பதில் வந்தது. அதையும் பைலில் போட்டாயிற்று. எல்.எல்.எம். ஆய்வுத் தலைப்பை 69 க்கு மாற்றக் கேட்டிருக்கிறேன், மேற்பார்வையாளர் சரி என்றிருக்கிறார். பெறக்கிராசி ஐயாவின் பெட்டிகளைச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து போய்ப் பார்த்தேன். தேத்தண்ணியோடு பனங்காய்ப் பணியாரமும் கிடைத்தது. 1961 உறுதி ஒன்றில் சாட்சி ஒருவர் தன் பெயருக்குக் கீழே "வெளியூர் போக உத்தேசம்" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். எதற்கு எழுதினார் என்று பெறக்கிராசி மகனுக்கும் தெரியவில்லை.

அம்மா இப்போது வேறு பாட்டு. "வழக்கெல்லாம் விட்டால் அந்த மனுசரெல்லாம் ஆரிட்டப் போறது" என்கிறா. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கிடைத்தால் மெல்ல மெல்லக் கைமாற்ற வேண்டும். எதிராளித் தம்பி, வட்டுக்கோட்டைப் பிரிவினை வழக்கு ஒன்று இருக்கிறது, 23 பேர், அதில் ஏழு பேர் வெளிநாடு. எடுப்பீர்களா?

மூன்றாம்_எதிராளி (திங்கள், பி.ப. 5.02)

23 பேரா! எழுவினா எழுப்பியாச்சா இல்லையா என்று முதலில் சொல்லுங்கள் அக்கா. பைலை எப்போது வந்து எடுக்கட்டும்?